விட்டுப்போன ‘றா’

சித்தெ இதை உங்க மடியில வெச்சுக்கறீங்களா? நிக்கறதுக்கே எடமில்லீங்க, இதையும் புடிச்சுக்கிட்டுக் கம்பியையும் புடிக்க முடியல. பாத்துங்க, கனக்கும். கால்கிட்ட மட்டும் வெச்சறாதீங்க, பிரேக் போட்டான்னா நழுவிப் போயிரும்.

மூலனூர்ல ஏறுனனுங்க. தாராபுரம் வரைக்கும் நின்னுக்கிட்டேதான் போகோணும்னு நெனச்சன். அந்தம்மா எந்திரிக்கறாங்க, நல்லதாப் போச்சு. சித்தெ நகந்து உக்காருங்க. இல்லீங்க, அது உங்ககிட்டயே இருக்கட்டும். பாரமில்லீன்னா இருக்கட்டும், எறங்கறப்ப வாங்கிக்கறன். வெடியாலிருந்து நான்தான் தூக்கிக்கிட்டுத் திரியறன், கை மரத்துப் போச்சு.

என்னன்னு கேக்கறீங்களா? துண்டுக்கு வெளிய மொனை தெரியுதாட்ட இருக்குது. நீங்க சொல்றது சரிதானுங்க, கூரைக்குப் போடறதுதான். நீங்க சொன்ன பேர்தான் எல்லாரும் சொல்றது. நான் வில்லைன்னு சொல்லுவன். அந்தப் பேரை நான் வாயில எடுக்கறதில்லீங்க. வர்ற வாரம் வந்தா வருசம் ஒண்ணு ஆகுது.

சொல்றனுங்க. சொல்றதுக்கென்ன. ஊருக்கே தெரிஞ்ச சேதிதான்.

எம்பேரு சென்னியப்பன். எங்க வூடு எங்கய்யன் கட்டுனது. நீளமான வூடு, நடுவுல ஒரு செவுரு. கெழக்கால பாதி எனக்கு, மேக்கால பாதி எந்தம்பி கொழந்தவேலுக்கு. கூரை மட்டும் ஒண்ணுதான். ரோடு எங்க பக்கம், கெழக்கால போகுது. மேக்கால கடைசியில இருக்கற செவுரு அப்படியே கூம்பா எழும்பிப் போகும். மண்ணு வெச்சுக் கட்டுன செவுரு, மேல சுண்ணாம்பு பூசியிருந்தது. எங்கய்யன் காலத்துல அப்படித்தானுங்க கட்டுவாங்க.

கூரைக்குள்ள ரீப்பர் கட்டை பூராவும் கரையான் தின்னுபோட்டுது. மழை வந்துச்சுன்னா ரெண்டு வூட்லயும் சட்டி பானையெல்லாம் எடுத்து வெக்கோணும். எங்கூட்டுக்காரி நாலு வருசமாச் சொல்லிக்கிட்டே இருந்தா. தம்பி ஆளு வுட்டுச் செய்யலாம்னான். நான் வேண்டாம்னுட்டன். ஆளுன்னா அவனுக்கு நாம காவல் இருக்கோணும். நீயும் நானும் எம் மச்சான் தங்கமுத்துவும் இருந்தா ஆகாதாடான்னு கேட்டன். தங்கமுத்துங்கறது எங்கூட்டுக்காரிகூடப் பொறந்தவன், கொஞ்சம் தச்சு வேலை தெரியும். தம்பிக்குத் தறிக்குடோன்ல வேலை. லீவு போட்றான்னன். போட்டுட்டான்.

அவன் அப்படித்தானுங்க. நான் ஒண்ணு சொன்னா ஏன், எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டான். சின்னதுலிருந்தே அப்படி. அவனுக்குப் பொண்ணு பாத்தது நானு. சரீங்கண்ணாம்பான், அத்தோட முடிஞ்சுது. இந்தக் காலத்துல எந்தத் தம்பிங்க அப்படி இருக்கறான்? எனக்கு அதுல ஒரு பெருமைதான். இப்பவும் பெருமைதான்.

ரெண்டு பக்கமும் ஒண்ணாப் பிரிச்சுப் போட்டோமுங்க. பழைய கட்டையெல்லாம் எடுத்தாச்சு. எம் பக்கம் முதல்ல மேஞ்சறலாம்னு சொன்னன். மூத்தவன் பக்கம் முதல்லங்கறது ஒரு மொறை. தம்பி ஒண்ணும் சொல்லல. அவனும் அந்தம்மிணியும் கொழந்தையும் எங்க ஆசாரத்துல, முன்கூடத்துலதான் படுத்துக்கிட்டாங்க. அந்த நாலஞ்சு நாளு நல்லா இருந்துதுங்க. ஒரே அடுப்புல சோறு. அம்மிணிங்கறது தம்பி சம்சாரம், சாந்தாமணி. எனக்கு மட்டும் உப்புக் கம்மியாப் போட்டுத் தனியா எடுத்து வெக்கும். அதெல்லாம் அதுக்கு யாரும் சொல்லித் தரல.

புது வில்லையெல்லாம் எறக்கி, மேக்கால செவுத்தோரமா அடுக்குறான்னு தம்பிகிட்டச் சொன்னன். காலையில அங்கதான் நெழலு இருக்கும். அவனுக்கு வெய்யில் ஆகாது, தலைவலி வந்துரும். நெழல்ல நின்னு எடுத்துக் குடுக்கட்டும்னுதான் அங்க அடுக்கச் சொன்னது. வேற எதுக்குமில்லீங்க.

வேலை எப்படீன்னா, நான் மேல உக்காந்து மேய்வன். தங்கமுத்து ஏணியில நிப்பான். தம்பி கீழிருந்து எடுத்துட்டு வந்து அவங்கிட்டக் குடுப்பான், அவன் எங்கிட்டக் குடுப்பான். நான் திரும்பிப் பாக்க வேண்டியதே இல்லை. வேணுங்கறப்ப ஒரு சத்தம் குடுத்துட்டுக் கையைப் பொறத்தால நீட்டுனாப் போதும், வில்லை கையில வந்து உக்காரும். அது ஒரு சொகமுங்க. நாளெல்லாம் அப்படியே போச்சு.

ராத்திரி ஒரு மழை பேஞ்சுது. பெரிய மழை இல்லை. வெடியால வந்து பாத்தா மேக்கால செவுரு நனைஞ்சு கருத்துக் கெடந்துது. மேல கட்டையில்லாம செவுரு சும்மா நிக்குது மாமா, ஒரு முட்டுக் குடுத்துட்டு வேலையைப் பாக்கலாம்னு தங்கமுத்து சொன்னானாம். இப்பச் சொல்றான் அப்படி. எழவு வூட்ல நாலு பேர்த்துகிட்டச் சொல்லியிருக்கறான். அவன் சொன்னானா இல்லியான்னு எனக்கு ஞாபகமில்லீங்க. டீ வாங்கியாறயா மச்சான்னு நான் கேட்டது ஞாபகமிருக்குது. அவன் தூக்குப் போசியை வண்டியில மாட்டிக்கிட்டுப் போனான்.

அவன் இல்லாதப்பவும் நாங்க வேலையை நிறுத்தல. தம்பி ஒருத்தனே எடுத்து, ஏணியில ஏறிக் குடுத்துக்கிட்டு இருந்தான். நான் கூரை உச்சியில, மோட்டு மேல இருந்தன். தங்கமுத்து ரோட்டு முக்குல திரும்பறதைப் பாத்தன். தூக்குப் போசி ஆடிக்கிட்டே வருது. மூடியைச் சரியாப் போடாம வர்றானே, பாதி டீ ரோட்டுக்குத்தான்னு நெனச்சன். அது நல்லா ஞாபகமிருக்குது. அவன் வேப்பமரத்துக்கிட்ட வண்டியை நிறுத்தி மூடியை அமுக்குனது, பொறவு கெளப்புனது எல்லாம் தெரியுது.

அப்பத்தான் கத்துனன்.

என்ன கத்துனீங்கன்னு நீங்க கேக்கல. மத்தவங்க கேப்பாங்க. சொல்லாமக் கதை நகராதுங்க, சொல்லிர்றன். ‘ஓடு’ன்னு கத்துனன்.

செவுரு சாயுதுன்னு கத்துனனுங்க. தப்பிச்சுப் போகட்டும்னு கத்துனன். தள்ளிப் போன்னு சொல்லியிருக்கலாம், அக்கட்டால போன்னு சொல்லியிருக்கலாம். வாயில வந்தது அந்த ஒரு சொல்லு. அவன் என்ன பண்ணுனான்? குனிஞ்சு ஒரு வில்லை எடுத்தான். செவுரு வுழுந்துருச்சு.

மண்ணை அள்ளி எடுத்தப்ப குப்புறக் கெடந்தான். வில்லை வயித்துக்கு அடியில இருந்துது. ஒரு மூலைகூட ஒடையல. அதுதானுங்க உங்க மடியில இருக்கறது.

பயப்படாதீங்க, நல்லாக் கழுவிட்டுத்தான் எடுத்தாந்தன். வேண்டாம்னா குடுத்துருங்க. இருக்கட்டுமா? சரீங்க.

எனக்கு அழுகை வரலீங்க. அன்னிக்கும் வரல, இன்னிக்கு வரைக்கும் வரல. அவனை ஆசாரத்துல கெடத்தியிருக்கறாங்க, எம் பக்கத்துல பாதிதான் மேஞ்சிருக்குது, மீதி வானம் தெரியுது. மழை வந்தா இவன் நனைவானேன்னு யோசிச்சுக்கிட்டு உக்காந்திருக்கறன். ஒறம்பரைச் சனமெல்லாம் வந்து கட்டிப்புடிச்சு அழுகறாங்க. தார்ப்பாய் இருந்தா எடுத்துட்டு வாங்கன்னு அவங்ககிட்டச் சொல்லிக்கிட்டு இருக்கறன். மனுசனுக்குள்ள எதோ ஒண்ணு அணைஞ்சு போயிரும் போலிருக்குது.

அன்னிக்கு அம்மிணி அழுகறப்ப ஒண்ணு சொல்லுச்சுங்க. மாமா ஓடு கேட்டாரு, எடுத்துக் குடுக்கப் போனாருன்னு சொல்லிச் சொல்லி அழுதுது. மாமாங்கறது நானு. கூட்டத்துல அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க. எனக்கு அது ஒண்ணுதானுங்க மனத்தாங்கல். வேற ஒரு கொறையும் நான் யார் மேலயும் சொல்ல மாட்டன். நான் கேக்கலீங்க. நான் அவனைப் பொழைக்கச் சொன்னன். அதை நான் எல்லார்கிட்டயும் சொன்னன். சொல்லாம எப்படி இருக்கறது? டீக்கடையில சொன்னன், தறிக்குடோன்ல போயிச் சொன்னன், கோயல்ல சொன்னன். என் நாயத்தை நான்தானே சொல்லோணும்.

காரியம் முடிஞ்சதும் அம்மிணி கொழந்தையைக் கூட்டிக்கிட்டுப் பொறந்த ஊருக்குப் போயிருச்சு. எங்கிட்டச் சொல்லிக்கல.

கூரையை ஒறம்பரையே முடிச்சுக் குடுத்தாங்க. எழவுக்கு வந்தவங்க, பங்காளிங்க, மாமன் மச்சான் எல்லாம் வேட்டியைக் கட்டிக்கிட்டு ஏறிட்டாங்க. மேக்கால செவுத்தைச் செங்கல்ல எழுப்பிக் குடுத்தாங்க. நான் கீழ நாற்காலியில உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தன். அத்தனை பேர் வேலை பாக்கறாங்க, ஒரு சத்தமில்லை. யாரும் அந்தப் பேரைச் சொல்லலீங்க. மேல இருக்கறவன் விரலைச் சொடுக்குவான், கீழ இருக்கறவன் எடுத்துக் குடுப்பான். ஒரு பையன், அவனுக்கு வெவரம் தெரியாது, மேலிருந்து கேட்டுப்போட்டான். எல்லாரும் கையிலிருந்ததை அப்படியே புடிச்சுக்கிட்டு நின்னுட்டாங்க. பொறவு ஒருத்தர் இருமுனாரு, மறுக்கா வேலையை ஆரம்பிச்சாங்க.

ஒரே ஒரு வில்லை கொறஞ்சுது. மேக்கால, தம்பி பக்கம், மோட்டுக்குக் கீழ. ஒடைஞ்சதுக்கெல்லாம் மாத்து எண்ணி வாங்குனது எப்படிக் கொறயும்னு தேடறாங்க. எங் கட்டிலுக்கு அடியில இருந்துது, நான் சொல்லல. ஒரு பேனர்த் துணியை மடிச்சு அந்தப் பொத்தல்ல வெச்சுட்டு எறங்கிட்டாங்க. வருசம் பூராவும் அந்தத் துணிதான் இருக்குது. மழைக்கு அந்த எடத்துல மட்டும் சொட்டுது. பூட்டிக் கெடக்கற வூடுதானே, நான் போயி ஒரு சட்டி வெச்சுட்டு வருவன்.

எங்கூட்டுக்காரி அதைத் தூக்கி எறிங்கன்னா. எறிய முடியல. மேல வெக்கவும் முடியல. அது அம்மிணிக்குச் சேர வேண்டியது, அதுகிட்டயே கேட்டர்றன்னு இன்னிக்குக் கெளம்பிட்டன். வருச திதிக்கும் கூப்படோணும். அப்படியே, திதிக்கு ஒறம்பரையெல்லாம் வருவாங்க, அப்ப ஒரு வார்த்தை சொல்லீரு அம்மிணி, மாமா எச்சரிக்கைதான் பண்ணுனாருன்னு சொல்லீருன்னு கேக்கலாம்னு நெனச்சன். அது சொன்னாத்தான் எடுபடும். செவுரு வுழுந்தப்ப அங்க கூட இருந்தது அது ஒண்ணுதான்.

டிக்கெட் எடுத்துட்டனுங்க கண்டக்டரு. தாராபுரம்.

போனனுங்க. வாங்கன்னுது. தண்ணி குடுத்துது. நான் கேக்க வந்ததைக் கேட்டன். அது கீழயே பாத்துக்கிட்டு இருந்துச்சு. பொறவு மெதுவாத்தான் கேட்டுது. “ஏனுங் மாமா, ஓடச் சொன்னா ஓடத் தெரியாத மனுசனா அவரு?”

நான் தண்ணிச் சொம்பைக் கீழ வெச்சன். அது நிறுத்தல.

“வெடியாலிருந்து பொழுதோட வரைக்கும் ‘ஓடு, ஓடு’ன்னு வெறுமனே கேட்டுக்கிட்டு இருந்தீங்க. சாமானம் கேக்கறப்ப வெறுமனே கேப்பீங்க. அவரை ஏவறப்ப அப்படிச் சொல்ல மாட்டீங்க. எட்றா, புட்றா, போட்றா. எனக்குக் கல்யாணமாயி வந்த நாள்லயிருந்து ‘றா’ போடாம அவரை ஒரு வார்த்தை நீங்க சொல்லிக் கேட்டதில்லை. ஓடச் சொல்லியிருந்தீங்கன்னா ‘ஓட்றா’ன்னு சொல்லியிருப்பீங்க. உங்க வாயில ‘ஓட்றா’ன்னு வந்திருந்தா அவரு மூலனூர் வரைக்கும் ஓடியிருப்பாரு.”

அவசரத்துல வுட்டுப்போச்சு அம்மிணின்னன். ‘றா’ வுட்டுப்போச்சுன்னன். செவுரு சாயறப்ப மனுசன் எழுத்துக் கூட்டிப் பேச முடியுமா? நீங்களே சொல்லுங்க.

அது இன்னொண்ணும் சொல்லுச்சு. அது அப்ப ஒரு சொம்புல மோர் கலக்கிக்கிட்டு வந்துதாம். தம்பி அதைப் பாத்துச் சிரிச்சுட்டு, மோர் குடிக்கச் செவுத்தை வுட்டு ரெண்டு எட்டு வந்துட்டானாம். நான் சத்தம் குடுத்ததும், இருன்னு கையைக் காட்டிட்டுத் திரும்பிப் போயிக் குனிஞ்சானாம். துண்டுல வில்லையைத் தொடச்சானாம். அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. நான் பாக்கல.

நாங்க பேசிக்கிட்டு இருக்கறப்ப கொழந்தை பள்ளிக்கூடத்துலிருந்து வந்துருச்சு. கவிநயா. மூணாவது படிக்குது. என்னைப் பாத்தா முன்னெல்லாம் வந்து மேல வுழும். இப்ப வாசப்படியிலயே நின்னுக்கிட்டுது. பையைக்கூடக் கழட்டல. பெரீப்பா, எங்கப்பாவுக்கு ஓடத் தெரியாதான்னு கேட்டுது.

ஏன் கண்ணு அப்படிக் கேக்கறன்னன். பள்ளிக்கூடத்துல சொல்றாங்களாம். ஓடச் சொன்னா நின்னு வேடிக்கை பாத்தான்டி உங்கப்பன்னு கூடப் படிக்கறதுங்க சொல்லுதாம். நம்மூர்க்காரங்க யாரோ அங்க பொண்ணு கட்டிக் குடுத்திருக்கறாங்க, அவங்க மூலமாப் போயிருக்குது. நான் டீக்கடையில சொன்னதுதானுங்க, சுத்திக்கிட்டு அங்க போயி நிக்குது. வெளையாட்டுப் பீரியடுல அது ஓடறதே இல்லையாம். வாத்தியாரம்மா திட்டுனாலும் நின்னுக்கிட்டே இருக்குதாம். அம்மிணி சொல்லுச்சு.

கொழந்தைக்கு அவம் மூஞ்சிங்க. அப்படியே அவனாட்டந்தான் வாயைப் பாக்கும், நாம என்ன சொல்லுவமோன்னு.

நான் சொல்லிட்டன். இல்ல கண்ணு, நான் உங்கப்பனை ஓடச் சொல்லல. கூரைக்குப் போடற ஓடு கேட்டன். உங்கப்பன் எடுத்துக் குடுத்தான். நான் எது கேட்டாலும் குடுத்துருவான் உங்கப்பன், அதுக்குள்ள செவுரு வுழுந்துருச்சு. அவனுக்கு நல்லா ஓட வரும். எங்கூர்த் திருவிழாவுல அவன்தான் முதல்ல வருவான். இப்படிச் சொன்னனுங்க.

நெசமான்னு கேட்டுது. நெசந்தான்னன்.

பையைக் கழட்டி வெச்சுட்டு உள்ள போயிருச்சு. அம்மிணி என்னை நிமுந்து பாத்துது. எல போட்டுச்சு. சாப்புட்டன். உப்புக் கம்மியாப் போட்டிருந்துது. திதிக்கு வர்றன் மாமான்னு சொல்லுச்சு. அங்கயே வந்து இருக்கறதைப் பத்தி ரோசனை பண்றன்னும் சொல்லுச்சு. இந்த வில்லையை எடுத்துட்டுப் போயி எங்க பக்கத்துக் கூரையிலயே வெச்சுருங்க, கூரையில வெக்கத்தானே எடுத்தாருன்னுது.  கொழந்தை பஸ் ஸ்டாப்பு வரைக்கும் கூட வந்துது. திரும்பிப் போறப்ப ஓட்டமா ஓடுச்சுங்க.

பொய்தானுங்க. பொய்யின்னு தெரிஞ்சேதான் சொன்னன். கொழந்தைக்காக ஒரு பழியை ஏத்துக்கிட்டா என்ன கொறஞ்சு போச்சு. இனி ஒறம்பரை முன்னாலயும் அப்படித்தான் சொல்லியாகோணும். சொல்லிர்றன். உங்களுக்கு மட்டும் நெசம் தெரிஞ்சிருக்கட்டும்னுதான் இத்தனையும் சொன்னது. நீங்க யாரோ, நான் யாரோ. செவுரு சாயறதைப் பாத்துத்தானுங்க நான் கத்துனன்.

என்னுங்க?

எந்தப் பக்கம் பாத்து உக்காந்திருந்தீங்கன்னா? ரோட்டுப் பக்கந்தான். தங்கமுத்து வர்றதைப் பாத்தன்னு சொன்னனே. ஆமா, கெழக்க.

செவுரு மேக்கால.

கைங்களா? கை பொறத்தால நீட்டியிருந்தன். எப்பவும் அப்படித்தானே நீட்டுவன்.

பாலம் வந்துருச்சு. நான் டவுனுக்குள்ள வரலீங்க, முன்னாடி ஸ்டாப்புல எறங்கிக்கறன். இங்கிருந்து எங்கூருக்கு மினி பஸ் இருக்குது. வழி வுடுங்க. அந்த ஓடு.

குடுங்க. பாத்து, ரெண்டு கையிலயும் புடிச்சுக் குடுங்க. கேட்டதும் எடுத்துக் குடுத்துட்டீங்க பாருங்க.